பனிக்குள் கழற்றிய தொப்பி

பாஸ்கோவின் படகு பாறையில் மோதிய அந்த வசந்தத்துக்குப் பிறகு எங்கள் ஊர் மூடுபனிக்கு ஒரு காது முளைத்துவிட்டது. போர்த்கெரனில் யாரைக் கேட்டாலும் இதை ஒப்புக்கொள்வார்கள். வெளியூர்க்காரர் முன்னால் மட்டும் வாய் திறக்கமாட்டார்கள். பனி முன்பும் வந்ததுதான். கடலிலிருந்து எழும்பி, துறைமுகச் சுவரைத் தாண்டி, மீன் உப்பிடும் கொட்டகைகளுக்குள் நுழைந்து, சந்து சந்தாக ஏறி, சபைக் கட்டிடத்தின் படிவரைக்கும் வந்து நிற்கும். அப்போதெல்லாம் அதற்குள் நடந்தால் குளிரும், அவ்வளவுதான். இப்போது பேச்சு தானாகத் தணிந்துவிடுகிறது. பக்கத்தில் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏதோ ஒரு சத்தத்துக்காகக் காத்து நிற்பதுபோல் இருக்கிறது. நாய்கள்கூடக் குரைப்பதில்லை.

நான் மீன் கூடைகளை ரயிலடிக்குக் கொண்டுபோகும் லாரி ஓட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமை சபையில் பாட்டை எடுத்துக் கொடுப்பவனும் நான்தான். பேய்க்கதை எனக்குப் பிடிக்காது. காத்திருக்கிறவர்களை ஆண்டவர் மறப்பதில்லை என்று நம்புகிறேன். அதனால் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

பாஸ்கோவின் படகுக்குத் 'தெபோராள்' என்று பெயர். அவனோடு தொழிலுக்குப் போனவன் டிகரி, அடுத்த வீட்டு லவ்டேயின் ஒரே மகன். கடலுக்குள் நீளும் துறைமுகத்துப் பாலத்தின் நுனியில் ஒரு மணி தொங்குகிறது. பனி இறங்கினால் அதை அடித்துக்கொண்டே இருக்கவேண்டும். துறைமுகத்தை நடத்தும் கம்பெனி, மணிக்காரனை நிறுத்திவிட்டு, அந்த வேலையைக் பீங்கான் செய்யும் களிமண்ணைக் கப்பலில் ஏற்றும் ஆட்களிடம் சேர்த்துக் கொடுத்திருந்தது. அன்றைக்குக் களிமண் கப்பல் ஒன்று வந்து நின்றது. எல்லோரும் அதில் கிடந்தார்கள். மணிக்கயிறு சும்மா தொங்கியது. தெபோராள் பாறையில் மோதி உடைந்தது. இன்ஜின் யாரும் இறங்கமுடியாத பள்ளத்தில் போய் விழுந்தது. பாஸ்கோவின் உடல் சில நாள் கழித்துக் கரை ஒதுங்கியது. டிகரி கிடைக்கவில்லை.

பிறகு கம்பெனி தன் அலுவலகச் சுவரில் ஒரு காகிதம் ஒட்டியது. மணி அடிக்கப்படவில்லை என்பது உண்மை. ஆனால் பாஸ்கோ இன்ஜினை முழு வேகத்தில் ஓட்டிக்கொண்டு வந்ததால், அடித்திருந்தாலும் அவன் காதில் விழுந்திருக்காது. அவன் அவசரமே அவனையும் உடனிருந்த பையனையும் கொன்றது. இவ்வளவுதான் அதில் இருந்தது. லவ்டே அதை நின்று வாசித்தாள். வீட்டுக்குப் போய், பாஸ்கோ வீட்டைப் பார்த்த ஜன்னலைச் சாத்தினாள். அதன் பிறகு பாஸ்கோவின் மனைவி தாம்சினோடு அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

தாம்சின் வழக்குப் போட்டது அந்தச் சாத்திய ஜன்னலுக்காகத்தான். பணத்துக்கென்று ஊரில் சிலர் சொன்னார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

*

தாம்சினின் வக்கீல் கார்லியன் ட்ரூரோ நகரத்திலிருந்து வந்தபோது மீன் பருவம். எல்லாப் பெண்களும் கொட்டகையில் இருந்தார்கள். மத்தி மாதிரிச் சிறு மீன். தலை வெளியே பார்க்க ஒரு வரிசை, அதன்மேல் உப்பு, மறுபடி ஒரு வரிசை என்று சுவர்போல் எழுப்பிக்கொண்டே போகவேண்டும். தாம்சின் ஒரு முனையிலும் லவ்டே மறு முனையிலும் நின்றார்கள். கார்லியன் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு ஈரத் தரையில் வழுக்கி வழுக்கி வந்தார்.

"பாத்து வாங்க ஐயா, விழுந்தா உங்களையும் அடுக்கி உப்பு போட்டுருவோம்," என்றாள் ஒருத்தி.

அவர் சிரிக்க முயன்றார். "மணி அடிக்கலங்கறத கம்பெனி ஒத்துக்கிட்டாச்சு தாம்சினம்மா."

"அப்புறம் என்ன?"

"அங்கதான் சிக்கல். அடிக்காதது தப்பு, சரி. அந்தத் தப்பாலதான் உங்க வீட்டுக்காரர் செத்தார்னு நாம காட்டணும். அடிச்சிருந்தா கேட்டிருப்பார், கேட்டிருந்தா பிழைச்சிருப்பார். இந்த ரெண்டையும் காட்டணும். அவங்க, இன்ஜின் ஓடிச்சு, அடிச்சாலும் அடிக்காட்டியும் ஒண்ணுதான்னு சொல்றாங்க."

"இன்ஜின் ஓடியிருக்காது."

"எப்படிச் சொல்றீங்க?"

பெண்கள் சிரித்துவிட்டார்கள். "மேட்டு ஊர்க்காரர். அவருக்கு மணின்னா சாப்பாட்டு மணிதான்," என்றாள் முன்பு கேலி செய்தவள்.

பீப்பாய் உருட்டிக்கொண்டிருந்த ஹாஸ்கன் கிழவர் நிமிர்ந்தார். கடலைவிட்டு வந்து கரையில் வேலை செய்பவர். "நான் சொல்றேன் கேளுங்க. பனியில பாறைகிட்ட வந்தா இன்ஜின நிறுத்திருவோம். தொப்பியக் கழட்டி, மடிச்சு, கம்பளிச் சட்டைக்குள்ள நெஞ்சுமேல வச்சுக்குவோம். ஒருத்தரும் பேசமாட்டோம். இதுக்குக் காது கொடுக்கறதுன்னு பேரு. மணி எந்தப் பக்கம்னு தெரிஞ்சப்புறந்தான் தொப்பி, இன்ஜின், பேச்சு எல்லாம்."

"மணி கேக்கலன்னா?"

"கேக்கும்னு உக்காந்திருப்போம். அதுக்குள்ள நீரோட்டம் பாறைமேல இழுத்துரும்."

"தொப்பிய ஏன் சட்டைக்குள்ள வைக்கறீங்க?"

"கையில வச்சா துடுப்புப் பிடிக்க முடியாது. பலகையில வச்சா காத்து கொண்டுபோயிரும். அது போக, நீங்க தலையில தொப்பியோடயா ஜெபம் பண்ணுவீங்க?"

கார்லியன் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தார். பிறகு மெதுவாக, "எல்லாம் சரி பெரியவரே. அன்னிக்கு பாஸ்கோ அப்படிச் செஞ்சார்ங்கறதுக்கு என்ன அடையாளம்? பாத்தவங்க யாரு?" என்றார்.

வரிசையின் மறுமுனையில் லவ்டே கையில் அள்ளிய உப்போடு நின்றாள். உப்பு அவள் விரலிடுக்கில் ஒழுகித் தரையில் விழுந்துகொண்டே இருந்தது. மீன்மேல் ஒரு கல்கூட விழவில்லை. கை காலியான பிறகும் அவள் அப்படியே நின்றதை, கூடை ஏற்ற வந்த நான் பார்த்தேன். துக்கம் என்று நினைத்தேன்.

*

தாம்சினைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். சனிக்கிழமைகளில் அவள் பாஸ்டி சுடுவாள். மாவுக்குள் இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்து மடித்து, யாருக்கானதோ அவர்கள் பெயரின் முதலெழுத்தை மூலையில் ஒட்டிச் சுடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அந்தக் காகிதம் ஒட்டிய பிறகும் அவள் லவ்டேயின் எழுத்தை ஒட்டி ஒன்று சுட்டாள். தட்டில் வைத்துத் துணி மூடி, அந்தச் சாத்திய ஜன்னலின் விளிம்பில் வைத்துவிட்டு வருவாள். சாயங்காலம் தட்டு கழுவப்பட்டு இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள சுவர்மேல் இருக்கும். நன்றி என்று ஒரு சொல் வராது.

"செத்தவன் பாவத்த மாவு வச்சு அடைக்கறா," என்று என் மைத்துனி ஒருநாள் அவள் காதுபடவே சொன்னாள்.

"லவ்டே அத்தே வீட்டுப் புகைபோக்கியப் பாரு," என்றாள் தாம்சின். "புகை வருதா? அவங்க தனக்குன்னு சமைக்கறதே இல்ல. வேற யாரு குடுக்கப் போறீங்க, நீயா?"

அடுத்த வாரம் மைத்துனியும் ஒரு குங்குமப்பூ பன்னை அந்தத் தட்டோடு சேர்த்து வைத்தாள்.

*

வழக்கு போட்மின் நகரத்து நீதிமன்றத்தில் நடந்தது. தாம்சினையும் ஹாஸ்கனையும் நான் லாரியில் கூட்டிப்போனேன். கம்பெனி ஒரு பொறியாளரைக் கொண்டுவந்திருந்தது. அதே மாதிரி இன்ஜினை ஓடவிட்டு மணியை அடித்துப் பார்த்ததாகவும், படகில் இருந்தவருக்கு ஒன்றும் கேட்கவில்லை என்றும் அவர் சொன்னார். பொய் சொல்லும் முகமில்லை. இன்ஜின் ஓடினால் கேட்காதுதான். அது எங்களுக்கும் தெரியும்.

பிறகு ஹாஸ்கன் கூண்டில் ஏறினார். வழக்கத்தை எல்லாம் நன்றாகத்தான் சொன்னார். கம்பெனி வக்கீல் கனிவாக எழுந்தார்.

"பெரியவரே, வேதத்துமேல கை வச்சுச் சத்தியம் பண்ணியிருக்கீங்க. உங்க ஆயுசுல ஒவ்வொரு தடவையும் இன்ஜின நிறுத்தினீங்களா?"

"ஒரு தடவ நிறுத்தல."

"ஏன்?"

"பசி. வீட்டுக்குப் போற அவசரம்."

"அப்ப பாஸ்கோவுக்கும் அன்னிக்குப் பசிச்சிருக்கலாம்?"

"எனக்குத் தெரியாதய்யா. நான் அங்க இல்ல."

நீதிபதி வயதானவர், குரல் தாழ்ந்தவர். "வழக்கமா என்ன செய்வாங்கன்னு கேட்டாச்சு. அன்னிக்கு அந்த மனுஷர் என்ன செஞ்சார்ங்கறதுதான் எனக்கு வேணும்," என்றார். மிச்சத்தைத் திங்கட்கிழமை கேட்பதாகச் சொல்லி எழுந்துவிட்டார்.

திரும்பும் வழியில் ஹாஸ்கன் குழந்தைபோல் அழுதார். "கெடுத்துட்டேன் பொண்ணே. ஒரு வார்த்தையில கெடுத்துட்டேன். ஆமா, எப்பவும் நிறுத்துவேன்னு சொல்லியிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்?"

தாம்சின் மடியிலிருந்த பாஸ்டியைப் பிட்டுப் பாதியை அவர் கையில் வைத்தாள். "உங்கள வச்சுப் பொய் சொல்லி எம் புருஷன நல்லவனாக்க வேண்டாம் மாமா. சாப்பிடுங்க. காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல நீங்க."

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சாப்பிட்டார். "மிளகு கூடிப்போச்சு," என்றார்.

"தெரியும், பேசாம தின்னுங்க."

*

மறுநாள் சனிக்கிழமை. திங்கட்கிழமை எப்போது கிளம்புவது என்று கேட்க மத்தியானம் தாம்சின் வீட்டுக்குப் போனேன். அவள் வழக்கம்போல் தட்டை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு வந்திருந்தாள். அடுப்பில் தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள். பேசிக்கொண்டிருக்கும்போதே ஜன்னல் வெளுத்தது. பனி இறங்கிவிட்டது.

பாலத்து நுனியில் மணி அடிக்க ஆரம்பித்தது. விபத்துக்குப் பிறகு கம்பெனி ஒரு ஆளைப் போட்டிருந்தது. அவன் ஒழுங்காக அடிப்பவன். நாங்கள் பேச்சை நிறுத்திவிட்டோம். எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே அந்த அமைதி வந்தது. அடுப்பைப் பார்த்தேன். கெட்டிலின் மூடி துள்ளிக்கொண்டிருந்தது, ஆவி பீறிட்டது. சத்தம் இல்லை. யாரோ உஸ் என்று சொல்லி அதை அடக்கிவைத்ததுபோல் இருந்தது.

"உங்களுக்கும் அப்படித்தானா யோசியாண்ணே?" என்றாள் தாம்சின், உதடு அசையாமல்.

நான் தலையசைத்தேன்.

"எனக்குப் பயமில்ல. ஆனா எங்க வீட்டுக்காரரு என்ன கேக்கணும்னு காத்திருக்காருன்னுதான் தெரியல. மணிதான் அடிக்குதே இப்ப."

அப்போது வெளியே சுவர்மேல் தட்டு வைக்கப்படும் சத்தம் கேட்டது. கெட்டிலும் கூடவே கூவ ஆரம்பித்தது. தட்டு இவ்வளவு சீக்கிரம் திரும்பியதில்லை. தாம்சின் போய் எடுத்து வந்தாள். துணி மூடியபடியே கனத்தது. பிரித்தாள்.

ஒரு தொப்பி. நாலாய் மடிந்து, அந்த மடிப்பிலேயே இறுகிப்போன நீலத் தொப்பி. உள்பட்டையில் பாஸ்கோவுக்கென்று அவள் தைத்த சிவப்பு நூல் இருந்தது. அவள் அதைத் தூக்கினாள். கல் தரையில் தண்ணீர் சொட்டியது.

திறந்த கதவுக்கு வெளியே, பனிக்குள், தலையில் துணிகூட இல்லாமல் லவ்டே நின்றாள்.

"கழுவறப்ப எடுத்தேன்," என்றாள். ஊரில் இறந்தவர்களைக் கழுவி உடுத்துவது அவள்தான். தன் மகன் கடலில் கிடக்கும்போதே பாஸ்கோவையும் அவள்தான் கழுவினாள். "மழைக்கோட்டு பொத்தான் போட்டபடி இருந்துச்சு. அதுக்குள்ள கம்பளிச் சட்டை. அதுக்குள்ள, நெஞ்சுமேல இது. சபையில வச்சுக்கிட்டு நிப்பானே, அதே மாதிரி."

"ஏன் அத்தே எங்கிட்டச் சொல்லல?"

"என்னன்னு சொல்லச் சொல்ற? ஊர்ல எல்லாரும், பட்டுன்னு மோதிப் போயிட்டான், ஒண்ணும் தெரிஞ்சிருக்காதுன்னு உன்னத் தேத்திக்கிட்டிருந்தாங்க. நீ சுவத்தப் பிடிச்சுக்கிட்டு நின்ன. அப்ப நான் வந்து, இல்ல பொண்ணே, பனிக்குள்ள தொப்பியக் கழட்டிட்டு, வராத மணிக்குக் காது கொடுத்துக்கிட்டு உக்காந்தே போனான்னு சொல்லவா? சொல்ல முடியல. ஒளிச்சுட்டேன்."

"சரி. அந்தக் காகிதம் ஒட்டினப்புறம்?"

லவ்டே உள்ளே வரவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது பொய்னு எனக்கு மட்டுந்தான் தெரியும். ஆனா அது நிஜமா இருந்தா எம் புள்ளையும் பட்டுன்னு போயிருப்பான். தொப்பி நிஜம்னா டிகரியும் பக்கத்துல தொப்பியக் கழட்டிட்டு உக்காந்திருந்திருக்கான். எவ்வளவு நேரம் தாம்சின்? நீயே சொல்லு. எவ்வளவு நேரம் உக்காந்திருப்பான் எம் புள்ள?" அவள் நெற்றியை நிலையில் சாய்த்தாள். "அதத் தாங்க முடியாம உம் புருஷன் மேல பழி போட விட்டுட்டேன். உன் பாஸ்டியத் தின்னுக்கிட்டே விட்டுட்டேன்."

தரையில் மறுபடி ஒரு துளி விழுந்தது. எனக்கு ஏதாவது சொல்லவேண்டும்போல் இருந்தது. "உப்பேறின துணி அத்தே. பனி வந்தா ஈரத்த இழுக்கும்," என்றேன்.

"சின்ன வயசுலேர்ந்து உப்புல கை வச்சவ நான். எனக்குத் தெரியாதா யோசியா? வெயிலன்னிக்கு அலமாரியில காஞ்சு கிடக்கும். பனி வந்தா இப்படி. அடுப்புமேல போட்டாலும் இப்படித்தான்." அவள் தொப்பியைப் பார்த்தாள். "உப்புத் துணி ஈரமாகும். சொட்டாது."

மணி அடித்தது. அடுத்த அடி வரும்வரை மூன்று பேரும் அசையவில்லை.

தாம்சின் தொப்பியை மேசைமேல் வைத்தாள். வெளியே போய், லவ்டேயின் நனைந்த தலையைத் தன் இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் துடைத்தாள். கோபம் அவள் முகத்தில் வந்ததை நான் பார்த்தேன். அது கைக்கு வருவதற்குள் அவள் துடைக்க ஆரம்பித்திருந்தாள். "உள்ள வாங்க," என்றாள். "தண்ணி கொதிச்சுருச்சு."

*

திங்கட்கிழமை லவ்டே கூண்டில் ஏறினாள். கம்பெனி வக்கீலுக்குக் கனிவு குறைந்திருந்தது.

"கடல்ல நாள்கணக்கா கிடந்த உடம்பு. தொப்பி தானா உள்ள போயிருக்கலாமே?"

"கடல் எடுக்கும் ஐயா. மடிச்சு வச்சுப் பொத்தான் போடாது."

"இன்ஜின் ஓடும்போதே கழட்டி வச்சிருக்கலாம்."

பின்னால் உட்கார்ந்திருந்த ஹாஸ்கன் சத்தமாகவே சொன்னார்: "அந்தக் குளிர்ல, காரணமில்லாம தொப்பியக் கழட்டற பைத்தியம் எங்க ஊர்ல கிடையாது." காவலர் அவரை அதட்டினார்.

"இத்தனை மாசம் ஒளிச்சு வச்சிருந்து, வழக்கு தோக்கப்போற நேரத்துல பக்கத்து வீட்டுக்காரிக்காகக் கொண்டுவந்திருக்கீங்க. இத நாங்க எப்படி நம்பறது?"

லவ்டே அவரை நேராகப் பார்த்தாள். "நம்பாதீங்க," என்றாள். "நீங்க சொல்றதே நிஜமா இருக்கட்டும். இன்ஜின் ஓடட்டும், அவங்க பட்டுன்னு போயிருக்கட்டும். அப்படின்னா இன்னிக்கு நான் தூங்குவேன். இது பொய்யா இருந்தா எனக்குத்தான் முதல்ல நிம்மதி."

வக்கீல் காகிதங்களை அடுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

நீதிபதி தொப்பியைக் கொண்டுவரச் சொன்னார். கடலிலிருந்து தூரத்தில் இருக்கும் ஊர் அது. ஆனாலும் அந்த நேரத்தில் மேட்டு வெளியிலிருந்து பனி வந்து உயரமான ஜன்னல்களை வெளுக்கச் செய்தது. குமாஸ்தா தொப்பியை எடுத்தபோது மேசைமேல் ஈர வட்டம் ஒன்று தெரிந்தது. அவர் விரல்களைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். நீதிபதி அந்த நாலு மடிப்பைத் தடவிப் பார்த்தார். அந்தக் கூடத்தில் ஒரு இருமல்கூட இல்லை. தாளைப் புரட்டியவர்கள் புரட்டுவதை நிறுத்தியிருந்தார்கள். எங்கள் ஊர்ப் பனிக்குள் வரும் அதே அமைதி. ஏன் என்று தெரியாமலே எல்லோரும் எதற்கோ செவி சாய்த்தார்கள். நீதிபதியும் தலையைக் கொஞ்சம் சாய்த்திருந்தார்.

தொப்பியை மேசைமேல் வைத்துவிட்டு அவர் பேசினார்.

"இவங்க இன்ஜின நிறுத்தியிருக்காங்க. தொப்பியக் கழட்டிட்டுக் காத்திருக்காங்க. கேக்கறதுக்குத் தயாரா இருந்தவங்களுக்குக் கேக்க ஒண்ணும் இல்லாமப் போச்சு. மணி அடிச்சிருந்தா கேட்டிருக்கும், திசை தெரிஞ்சிருக்கும். அடிக்காததுதான் பாஸ்கோவையும், கூட இருந்த டிகரியையும் கொன்னது. பாஸ்கோ மேல ஒரு குத்தமும் இல்ல."

தாம்சின் அழவில்லை. லவ்டேயின் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு கைகளிலும் உப்பு கடித்த வெடிப்புகள். எது யாருடைய விரல் என்று தெரியவில்லை.

*

திரும்பும்போது ஊருக்கு மேலே உள்ள வளைவில் பனி கெட்டியாக நின்றது. விளக்கு வெளிச்சம் சக்கரத்தைத் தாண்டவில்லை. நான் லாரியை ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்தேன். தொப்பியைக் கழற்றி மடித்துச் சட்டைக்குள் வைத்தேன். பின்னால் சாக்குமேல் இருந்த ஹாஸ்கனும் கழற்றியிருப்பார். பெண்கள் இருவரும் தலைத்துணியை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டார்கள். இதுவரை எங்கள் ஊர்ப் பெண்கள் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

கீழேயிருந்து மணி அடித்தது.

அடுத்த அடிக்கு முன்னால் அந்த அமைதி வந்தது. பிடித்துவைத்த மூச்சு. எங்கள் நால்வரைத் தவிர இன்னும் யாரோ அந்தப் பனியில் இருந்தார்கள். லாரியை ஒட்டி, மிகப் பக்கத்தில். வாய்க்குள் ஜெபத்தைத் தொடங்கினேன்.

"டிகரி," என்றாள் லவ்டே, சாப்பிடக் கூப்பிடும் குரலில். "மணி அடிக்குதுப்பா. அந்தப் பக்கம். கேக்குதா?"

தாம்சினும் மெதுவாகச் சொன்னாள்: "எல்லாரும் கேட்டுட்டாங்க பாஸ்கோ. நீ நிறுத்தினது எல்லாருக்கும் தெரியும்."

மணி மறுபடி அடித்தது. யாரோ விட்ட பெருமூச்சுபோல ஒரு சின்னக் காற்று வண்டியைக் கடந்து கடல் பக்கமாகப் போனது. அல்லது வெறும் காற்றுதான்.

கோர்ட்டில் திரும்ப வாங்கி மடியில் வைத்திருந்த தொப்பியை லவ்டே தடவினாள். பிறகு அதைத் தாம்சினிடம் நீட்டினாள். தாம்சின் தடவிப்பார்த்துவிட்டு என் கையில் கொடுத்தாள். பனி எங்கள் முகத்திலும் முடியிலும் துளித்துளியாக ஒட்டிக்கொண்டிருந்தது. தொப்பி அடுப்பருகே கிடந்ததுபோல் காய்ந்திருந்தது.

கீழே, ஊருக்குள், ஒரு நாய் குரைத்தது.